கொட்டாங்கச்சிக்குள் நாலு கிரவுண்டு!

பாட்டி தன் மாத்திரைகளை மேஜைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போகிறார். திரும்பி வருவதற்குள் மூன்று வயதுப் பேரன் மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை மென்று விழுங்கிவிட்டான். அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். நர்ஸ் ஒரு டம்ளரில் மை மாதிரி கறுப்பாக எதையோ கலக்கிக்கொண்டு வருகிறார்.

"இதென்ன சிஸ்டர்?"

"கரிங்க."

"என்னது! குழந்தைக்குக் கரியா?" என்று பதறாதீர்கள். அது அடுப்புக் கரி இல்லை. 'ஆக்டிவேட்டட் கார்பன்' என்ற மருந்துக் கரி. தேங்காய் துருவிவிட்டு நாம் குப்பையில் வீசுகிறோமே கொட்டாங்கச்சி, அதிலிருந்துகூட இந்த வகைக் கரியைத் தயாரிக்கிறார்கள். மரம், மரத்தூள் போன்ற தாவரப் பொருள்களிலிருந்தும் தயாரிப்பது உண்டு.

அடுப்புக் கரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கொட்டாங்கச்சியை அதிகம் காற்றுப் படாமல் சுட்டால் சாதாரணக் கரி கிடைக்கும். அந்தக் கரியை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்து நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்துளைகளை உண்டாக்கிவிடும். கோவை, திருப்பூர் மாவட்டங்களில் இந்தத் தொழிற்சாலைகள் உண்டு.

அந்தத் துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் எவ்வளவு இடம் வரும் தெரியுமா? ஒரே ஒரு கிராம் கரியில் சுமார் 1000 சதுர மீட்டர். நம் கணக்கில் நாலு கிரவுண்டுக்கும் மேலே! சுவரில் பல்லி ஒட்டிக்கொள்வது போல, மருந்து, விஷம், நிறம், வாடை ஆகியவற்றின் மூலக்கூறுகள் இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் 'பரப்புக் கவர்ச்சி' என்று படித்தோமே, அதுதான் இது.

உயிர் காத்த கரி

காசநோய்க்கு முதல் நல்ல மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் தந்த மருந்து அது. நுண்ணுயிரை வளர்த்த கஷாயம் போன்ற திரவத்திலிருந்து மருந்தை மட்டும் எப்படிப் பிரிப்பது? கரியைப் போட்டார்கள். மருந்து கரியில் ஒட்டிக்கொண்டது. பிறகு அமிலம் கலந்த ஆல்கஹாலால் கழுவி அதை மீட்டார்கள். இன்றைக்குத் திசு வளர்ப்புக் கூடங்களிலும் கரிக்கு வேலை இருக்கிறது. வெட்டிய செடித் துண்டிலிருந்து கசிந்து, வளர்ப்புக் கூழைக் கறுக்க வைக்கும் பொருள்களை அது பிடித்துக்கொள்கிறது.

எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது?

நீங்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பாராசிட்டமால், ஆஸ்பிரின், வலிப்புக்குத் தரும் ஃபீனோபார்பிட்டோன் போன்றவற்றைக் கரி நன்றாகப் பிடிக்கும். ஆனால் கர்ப்பிணிகள் சாப்பிடும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிடிக்காது. சாராயத்தையும் பிடிக்காது. கழிவறை கழுவும் ஆசிட், மண்ணெண்ணெய் ஆகியவற்றுக்குக் கரி கொடுக்கவே மாட்டார்கள். கொடுத்தால் பலனைவிடக் கெடுதலே அதிகம்.

நேரமும் முக்கியம். விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன் அதிகம். மாத்திரை குடலைத் தாண்டி ரத்தத்தில் கலந்துவிட்டால் கரிக்குப் பெரும்பாலும் வேலை இல்லை.

கரி மாயமருந்தும் அல்ல. மஞ்சள் அரளி விஷத்தோடு வந்தவர்களுக்குத் திரும்பத் திரும்பக் கரி கொடுத்ததில் இறப்பு குறைந்தது என்று இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு 2003-ல் சொன்னது. அதே நாட்டில் 4,600-க்கும் அதிகமானவர்களிடம் நடந்து 2008-ல் வெளியான பெரிய ஆய்வில், கரி கொடுத்ததால் இறப்பு குறையவில்லை. அதனால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பது டாக்டரின் கணக்கு. நம்முடையது அல்ல.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியவை:

* அடுப்புக் கரியையோ கருகிய ரொட்டியையோ கரைத்துக் கொடுக்காதீர்கள். அவை மருந்துக் கரி ஆகாது.

* உப்புத் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

* மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடும்.

* மாத்திரை அட்டை அல்லது பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை விழுங்கினான், எத்தனை மணிக்கு என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

* உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். "பிள்ளை நல்லாத்தானே விளையாடுறான்" என்று காத்திருக்காதீர்கள்.

வயிற்று உப்புசத்துக்குக் கரி மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்தையும் அது பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்துவிடலாம். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

தண்ணீர் ஃபில்டரில் இருக்கும் கரியும் இதே இனம்தான். குளோரினையும் வாடையையும் நன்றாக நீக்கும். உப்பை நீக்காது, கிருமியைக் கொல்லாது. நாலு கிரவுண்டு என்றாலும் ஒருநாள் இடம் நிரம்பிவிடும் அல்லவா? காலாவதியான கரியில் கிருமிகளே குடியேறிவிடும். எனவே கார்ட்ரிட்ஜை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டியின் மாத்திரையை இன்றைக்கே எட்டாத உயரத்தில் வைத்துப் பூட்டுங்கள். கரி கலக்கும் வேலையே நர்ஸுக்கு வராமல் இருப்பதுதான் உங்கள் பேரனுக்கு நல்லது!