அப்பாவுக்கும் ஆறுதல் வேண்டும்

மனைவி வங்கி வேலைக்குப் போகிறார். இரண்டு வயது மகளை நான்தான் வீட்டிலிருந்து வளர்க்கிறேன். சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, எதற்கெடுத்தாலும் எரிச்சல். யாரிடம் சொல்வது?
- வாசகர், திருச்சி

இன்றே 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' மனநல உதவி எண் இது. இரவு பகல் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம். மாதக்கணக்கில் தூக்கம் கெட்டிருப்பதால் டாக்டரையும் நேரில் பாருங்கள். உங்கள் ஊர் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. பிள்ளை வளர்ப்பில் தாய்க்கு வரும் மனச்சோர்வு தந்தைக்கும் வரும். அது உங்கள் குறையல்ல, சரியாகக்கூடியதுதான். மனைவியிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். அவர் வீடு திரும்பியதும் தினம் ஒரு மணி நேரம் உங்களுக்கென்று இருக்கட்டும்: நடக்கலாம், நண்பரைப் பார்க்கலாம். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று கேட்பவர்களிடம், "மகளை வளர்க்கிறேன்" என்று நிமிர்ந்தே சொல்லுங்கள்.