வெற்றிட வாலையும் வீட்டு அடுக்களையும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறி ஏலமலைத் தோட்டங்களினூடே செல்லும் நாம், காய் உலர்த்தும் கூடங்களைக் காணுமுன்னரே அவற்றின் மணத்தை அறிகின்றோம். வழிப்போக்கர்க்கு இன்பமாகிய அம்மணம், காயினின்று பிரிந்துபோன பொருளேயாம். பசுங்காயை ஏறக்குறைய 50 பாகை வெப்பத்தில் மெல்ல உலர்த்துவது இவ்விழப்பைக் குறைத்தற்கும் நிறத்தைக் காத்தற்குமே. அடுக்களையிலும் இதுவே நிகழ்கின்றது. பாயசம் கொதிக்கையில் தெருவெல்லாம் மணக்குமாயின், கலத்தில் எஞ்சும் மணம் அத்துணைக்குக் குறையும். போகின்ற மணத்தைப் பிடித்துவைக்க வழியுண்டோ என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வாலை நம்மவர் பண்டே அறிந்த கருவி. ஓமம் முதலியவற்றை நீரிலிட்டுக் காய்ச்சி, எழும் ஆவியைக் குளிர்வித்துத் தீநீர் இறக்குதல் சித்த மருத்துவ முறை. ஏல எண்ணெயில் தலையாயவை சினியோல், டெர்பினைல் அசிடேட் என்னும் இரண்டு. தனித்து நின்றால் முன்னது 176 பாகையிலும் பின்னது சுமார் 220 பாகையிலும் கொதிக்கும்; நீராவியோடு கூடியெழுங்கால் இரண்டும் 100 பாகைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஆயினும் நெடுநேரம் கொதிப்பின் மெல்லிய மணப்பொருள்கள் சில சிதைந்து, வெந்த வாடை தோன்றும்.

இக்குறையை நீக்க வந்ததே வெற்றிட வாலை. காற்றழுத்தம் குறையக் குறைய நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். போடிமெட்டின் உயரத்திலேயே அது 100 பாகைக்கு நான்கைந்து பாகை குறைவாகக் கொதிக்கின்றது. கலத்தினுள் அழுத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்கினால் 46 பாகை போதும். ஹோவர்டு என்பார் சர்க்கரைப் பாகு காய்ச்சவும், 1856இல் போர்டன் என்பார் பாலைச் சுண்டவைக்கவும் இம்முறையைக் காப்புரிமையாகப் பெற்றனர். 1950இல் கிரெய்க் சுழல் குடுவை வாலையை வெளியிட்டார். இந்நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டு ரோக்கா சகோதரர்கள் அதனை உணவுச்சாலைக்குக் கொணர்ந்தனர்.

வீட்டிற்கு ஏற்றவை இருவகை. நிலைக்குடுவையோடு நீர்த்தாரைப் பம்பை இணைத்தல் எளிது. ஆனால் திரவம் திடீரெனப் பொங்கித் துள்ளும், குழாய்நீரும் மிகுதியாகச் செலவாகும். சுழல் குடுவையில் திரவம் மெல்லிய படலமாகப் பரவி அமைதியாக ஆவியாகும். விலையோ மிக அதிகம்.

இனிப் பயனை நோக்குவோம். வாலையில் ஏறுவது மணமேயன்றிச் சுவையன்று. மிளகை வடித்தால் மணம் வரும். காரம் தரும் பைப்பரின் குடுவையிலேயே நின்றுவிடும். ஏலத்திலும் ஒரு நுட்பம் உண்டு. வெப்பம் தாழுமிடத்துக் கனத்த டெர்பினைல் அசிடேட்டு நீரைவிட விரைவாக ஆவியாகும் ஆற்றலை இழத்தலால், அதன் பங்கு வடிநீரில் குறையும். எனவே உலர்ந்த ஏலத்திற்குப் பழைய வாலையே பெரும்பாலும் போதும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைச் சாற்றுக்கோ வெற்றிட வாலை பெருந்துணை. வெந்த வாடையின்றிச் சாறு சுண்டும். பிரிந்த மணநீரை ஆறியபின் அதனோடு மீளச் சேர்க்கலாம்.

தாழ்ந்த வெப்பத்தால் எரிபொருள் மிச்சமாகும் என்று கருதற்க. 46 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 570 கிலோ கலோரி வேண்டும். அவ்வளவையும் குளிர்கலம் திரும்ப வாங்கவேண்டும். அதற்கு ஆறேழு கிலோ பனிக்கட்டி செல்லும். போடியின் கோடைக் குழாய்நீரை நம்பினால், மணம் பம்பின் வழியே வெளியேறும். முன்பு தெருவுக்குப் போனது இப்பொழுது விலைகொடுத்த கருவியினூடே போகும், அவ்வளவே.

காற்று நீங்கிய கலத்தின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறக்குறைய ஒரு கிலோ எடை அழுத்துவதால், ஊறுகாய்ப் புட்டி போன்றவற்றைப் பயன்படுத்தின் உள்நோக்கி நொறுங்கிக் கண்ணைக் கெடுக்கும். தடித்த உருண்டைக் குடுவையும் கண்காப்பும் இன்றியமையாதன. மது வடித்தல் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமென்பதையும் மறவற்க.

ஆதலின் கருவி வாங்க விழைவோர், குடுவைக்கும் பம்புக்கும் முன்னே தம் இல்லத்தில் குளிர்ச்சிக்கு வழியுண்டோ என ஆராய்க. அஃதில்லார்க்கு நாம் கூறும் முறை எளியது: அடுப்பினின்று பாயசத்தை இறக்கி, ஏலத்தை அப்பொழுதே பொடித்துத் தூவி, உடனே மூடிவைக்க. போகும் மணத்துள் பெரும்பகுதியை அம்மூடியே காத்துத்தரும்.