சிறுத்தைப் பல்லிக்குத் தரைதான் வீடு

மலாக்காவின் தஞ்சோங் கிளிங்கில் என் வீட்டு வாசலுக்கு மாலை வேளையில் யாராவது ஒரு பிள்ளை பிளாஸ்டிக் டப்பாவோடு வந்து நிற்கும். "தாத்தா, லெப்பர்ட் கெக்கோ வாங்கிட்டேன். தொட்டிக்குள்ள கீழே என்ன போடுறது?" அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு மனசு நிறைந்துவிடும். நிறத்தையும் விலையையும் பற்றிப் பேசுகிறவர்கள் பலர். தரையைப் பற்றிக் கேட்கிற பிள்ளைதான் அந்த உயிரைக் காப்பாற்றப் போகிற பிள்ளை.

நான் பால்மரம் வெட்டிய குடும்பத்தில் பிறந்தவன். லயத்தில் ஆடு, கோழி எல்லாம் வளர்த்துப் பழகிய கை இது. அப்படியிருந்தும் என் முதல் லெப்பர்ட் கெக்கோவை, அதாவது சிறுத்தைப் பல்லியை, தரை விஷயத்தில் தவறு செய்துதான் இழந்தேன். உங்களுக்கு அந்த இழப்பு வரக் கூடாது. அதனால் இந்தப் பத்து விஷயங்களையும் சொல்லி வைக்கிறேன்.

1. முதலில் அதன் காலைப் பாருங்கள்.

நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லிக்கு விரலடியில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள் உண்டு. சுவர், கூரை எல்லாம் அதற்குப் பாதை. சிறுத்தைப் பல்லிக்கு அவை கிடையாது; சின்னச் சின்ன நகங்கள்தான். கண்ணாடியில் அதனால் ஏற முடியாது. நடப்பது, இரை பிடிப்பது, படுப்பது, சூடு வாங்குவது எல்லாமே தரையில். போகிற இடத்தையெல்லாம் நாக்கால் தொட்டுத் தொட்டுத்தான் அது அறிந்துகொள்ளும். ஆகவே கீழே எதைப் பரப்பினாலும் அதில் கொஞ்சம் வாய்க்குள் போகும். "இது வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும்?" எந்த விரிப்பை வாங்கும் முன்னும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. அதன் சொந்த மண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்.

"பாலைவனப் பல்லி" என்று யாராவது சொன்னதும் நம் கண்ணுக்கு மணல்மேடு தெரியும். உண்மை வேறு. கல்கத்தா அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் 1854இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். பஞ்சாபின் உப்புமலைத் தொடரில் கிடைத்த பல்லி அது. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதிகளில், கல்லும் இறுகிய களிமண்ணுமாகக் கிடக்கும் வறண்ட நிலத்தில், பாறை இடுக்குகளில் வாழ்கிறது. காலடியில் புதைகிற மணல் அதன் இயல்பான தரை அல்ல.

இதன் நெருங்கிய சொந்தம் ஒன்றுக்கு 2022இல் புதிய இனமாகப் பெயர் வைத்தார்கள். விசாகப்பட்டினப் பக்கத்து மலைகளிலும் ஒடிசாவிலும் வாழ்கிறது அது. பழைய கலிங்க நாட்டு மண். நம் ஊர்ப் பெயரிலுள்ள 'கிளிங்' கலிங்கத்திலிருந்து வந்தது என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். கடல் கடந்து வந்தவருக்குப் புது மண் ஒத்துக்கொள்ள எவ்வளவு பாடு என்பது நமக்குத் தெரியாததா?

3. மணல் வேண்டாம். கிளேபாங் மணலும் வேண்டாம், கடையில் விற்கும் கால்சியம் மணலும் வேண்டாம்.

கிளேபாங் மணல்மேட்டுக்குப் போகிற பிள்ளைகள் ஒரு பை மணல் அள்ளி வருகிறார்கள். கடலை மேடாக்கக் கொட்டிய மணல் அது; உப்பும் சிப்பித் துண்டும் கலந்திருக்கும். அதைவிட ஆபத்தானது 'செரிக்கும் மணல்' என்று எழுதி விற்கும் கால்சியம் மணல். என் முதல் பல்லிக்கு நான் வாங்கிப் போட்டது அதைத்தான். உடம்புக்குக் கால்சியம் தேவைப்படும் பல்லி அந்த மணலைத் தேடித் தேடி நக்கும். மூன்றாவது வாரம் தீனியைத் தொடவில்லை. தூக்கிப் பார்த்தேன். கண்ணாடிபோல் மெல்லிய அடிவயிற்றுத் தோலுக்கு உள்ளே, புளியங்கொட்டை அளவில் கருநீலமாக ஒரு திட்டு. விரல் பட்டதும் கல்லாக இருந்தது. மருத்துவரிடம் கொண்டு போனபோது காலம் கடந்துவிட்டது. எக்ஸ்ரே படத்தில் குடல் நெடுக வெள்ளையாக மணல். இன்றைக்கும் அந்தப் படம் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

4. புதிதாக வந்த பல்லிக்குக் கிச்சன் டவல்தான்.

எழுத்தோ நிறமோ அச்சிடாத, வாசனை சேர்க்காத கிச்சன் டவலை இரண்டு மூன்று மடிப்பாக விரியுங்கள். குட்டியாக இருந்தாலும், கடையிலிருந்து அன்றைக்கு வந்த பெரிய பல்லியாக இருந்தாலும், நோயிலிருந்து தேறுகிறதாக இருந்தாலும் இதுதான் முறை. அழகு குறைவுதான். ஆனால் எச்சம் எப்படி இருக்கிறது, இரத்தம் கலந்திருக்கிறதா, செரிக்காத தீனிப் புழு வெளியே வருகிறதா என்று வெள்ளைக் காகிதத்தில் எல்லாம் தெரியும். குறைந்தது ஒரு மாதமாவது இப்படி வைத்துப் பாருங்கள். ஈரம் பட்ட உடனே மாற்றுங்கள்.

5. நிரந்தரமாக வைக்க, சொரசொரப்பான டைல்ஸ்.

ஹார்ட்வேர் கடையில் மிச்சம் கிடக்கும் டைல்ஸ் சில வெள்ளிக்குக் கிடைக்கும். தொட்டியின் அளவைச் சொன்னால் வெட்டித் தருவார்கள். பளபளப்பானது வேண்டாம், கால் வழுக்கும், மூட்டு கெடும். கையால் தடவிப் பாருங்கள், லேசாகச் சொரசொரக்க வேண்டும். நகமும் தேய்ந்து அளவாக இருக்கும். டைல்ஸ் சூட்டை நன்றாக ஏந்தும், துடைக்கவும் சுலபம். ஓரத்தில் இடைவெளி விடாதீர்கள். இரையாக விட்ட சில்வண்டு அதற்குள் போய்ச் செத்து நாறும். பூத்துண்டுபோல் நூல் தூக்கி நிற்கும் விரிப்பில் நகமும் விரலும் மாட்டிக்கொள்ளும். அதை வாங்காதீர்கள்.

6. நம் ஊர் ஈரத்தை நினைவில் வையுங்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துத்தான் பேசும். சிறுத்தைப் பல்லிக்குக் காற்றில் 30 முதல் 40 விழுக்காடு ஈரம் போதும். மலாக்காவில் அது பெரும்பாலும் 80 விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. தேங்காய் நார்த்தூளை இங்கே பரப்பினால் ஒரு மழைக்காலத்துக்குள் பூஞ்சை பூத்துவிடும். நார்த்தூளை ஈரப்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐஸ்கிரீம் டப்பாவில் துளை போட்டு, உள்ளே ஈரமான நார்த்தூளோ டவலோ வைத்தால் அதுதான் ஈரப்பெட்டி. தோல் உரிக்கும் நாளில் பல்லி தானே உள்ளே போகும். விரல் நுனியில் பழைய தோல் இறுகி நின்றால் விரலே உதிர்ந்துபோகும். ஆகவே ஈரம் அந்தப் பெட்டியில் மட்டும். மற்ற இடமெல்லாம் காய்ந்திருக்கட்டும். தொட்டிக்குக் கம்பிவலை மூடி போடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைச் சின்னதாக வையுங்கள்.

7. தோட்டத்து மண்ணையும் மரத்தூளையும் தொடாதீர்கள்.

செம்பனை மரத்தடி மண் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் களைக்கொல்லித் தோம்பை முதுகில் சுமந்து மருந்தடித்த நம் அம்மாமார்களை நான் பார்த்து வளர்ந்தவன். அந்த மருந்து எந்த மண்ணில் எவ்வளவு காலம் தங்கும் என்று யார் சொல்வது? பாராகுவாட் மருந்தை 2020இல்தான் நாடு முழுக்கத் தடை செய்தார்கள். உரம் போட்ட மண்ணும் வேண்டாம். ரப்பர் கட்டைத் தூள், பைன் மரச்சீவல், வால்நட் ஓட்டுத்தூள் இவையும் கூடாது. குடலை அடைக்கும், சிலவற்றின் நெடி மூச்சையும் கெடுக்கும்.

ஐந்தாறு வருடம் வளர்த்த பிறகு ஆசைப்பட்டால், உரம் சேராத மேல்மண் ஏழு பங்கும் கழுவிய மணல் மூன்று பங்கும் கலந்து, நனைத்து, நன்றாக அழுத்தி, சிமெண்டுத் தரைபோல் இறுகும்வரை காயவிட்டு உபயோகிக்கலாம். ஆரோக்கியமான பெரிய பல்லிக்கு மட்டும்தான் அது.

8. சூடு கீழேயிருந்து வரட்டும், அளவோடு வரட்டும்.

நம் ஊரே சூடுதானே என்று நினைக்காதீர்கள். இரை செரிக்க, தொட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 பாகை வரை இருக்க வேண்டும். மறுபக்கம் குளிர்ந்திருக்க வேண்டும். தரை குளிர்ந்தால் குடல் வேலை செய்யாது. சாதாரணத் தீனிகூட உள்ளே தங்கிவிடும். தொட்டிக்கு அடியில் வைக்கும் சூட்டுப் பாயைத் தெர்மோஸ்டாட் இல்லாமல் மின்சாரத்தில் செருகாதீர்கள், வயிறு வெந்துவிடும். வெப்பமானியை டைல்ஸுக்கு மேலே, பல்லி படுக்கிற இடத்தில் வையுங்கள்.

9. தீனியைத் தரையில் கொட்டாதீர்கள்.

புழுவை வழவழப்பான கிண்ணத்தில் வையுங்கள். சில்வண்டை இடுக்கியால் கொடுங்கள். கால்சியம் தூளை இரையின் மேல் தூவுவதோடு ஒரு மூடியிலும் கொஞ்சம் வையுங்கள். தேவைப்பட்டால் தானே வந்து நக்கும், தரையைத் தின்னாது. மிச்சத்தை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் காலை எறும்பு வரிசை வந்திருக்கும். எறும்புக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தொட்டி வைத்திருக்கும் மேசையின் காலைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

10. அடிவயிற்றையும் வாலையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

கொழுப்பை அது வாலில்தான் சேர்த்து வைக்கும். வால் மெலிந்தாலோ, வயிறு உப்பினாலோ, அடியில் கருந்திட்டு தெரிந்தாலோ, வழக்கமாக எச்சமிடும் நாள் கடந்தும் ஒன்றுமில்லை என்றாலோ, வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் உடனே போங்கள். அவர் எண்ணைப் பல்லி வாங்கிய அன்றே எழுதி வையுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இந்த உயிர் 15, 20 வருடம் உங்களோடு இருக்கும். இன்றைக்கு ஆரம்பப் பள்ளியில் இருக்கும் பிள்ளை வேலைக்குப் போகும் வரைக்கும். அத்தனை வருடமும் அது பார்க்கப் போவது நீங்கள் போடுகிற அந்த இரண்டடித் தரையைத்தான். இரவு விளக்கை அணைக்கும் முன் நான் தொட்டிக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் இளஞ்சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, ஈரப்பெட்டி தவிர எங்கும் ஈரமில்லை, கையில் ஒரு துகளும் ஒட்டவில்லை என்றால் தூங்கப் போவேன். நீங்களும் இன்றிரவு கையை வைத்துப் பாருங்கள்.