அடிக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒத்திகை

கொழும்பு, பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் காய்ச்சல், வலிப்பு என்றால் ஓடுகிறோம். அங்கே பிள்ளைகளின் மனநலத்துக்கும் மருத்துவர்கள் இருப்பது பல பெற்றோருக்கு நினைவில் வருவதில்லை. வகுப்பில் அடிக்கிறான், தோற்றால் மட்டையை வீசுகிறான் என்று முறைப்பாடு வந்தால் நம் கை முதலில் பிரம்பைத்தான் தேடுகிறது. பாடசாலையில் அடிப்பதைக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலேயே தடுத்துவிட்டது. வீட்டிலும் அதை விட்டுவிடுங்கள். அடி வாங்கிய பிள்ளை எதைச் செய்யக்கூடாது என்று மட்டும் அறிகிறது. அந்த நேரத்தில் வேறு என்ன செய்யலாம் என்பதை யாராவது பழக்கிக் கொடுக்க வேண்டும்.

பழக்கத் தொடங்குமுன் காது நன்றாகக் கேட்கிறதா, கண் தெரிகிறதா, இரவில் போதிய தூக்கம் உண்டா என்று பாருங்கள். யாராவது அவனைத் துன்புறுத்துகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள். இவற்றில் குறை இருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை.

பிறகு ஒரு கொப்பி எடுங்கள். ஒரு வாரம் ஒவ்வொரு சண்டையையும் மூன்று வரியில் எழுதுங்கள்: எங்கே, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, முடிவில் அவனுக்கு என்ன கிடைத்தது. எப்போதும் சண்டை என்று நினைத்திருப்பீர்கள். எழுதிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களே திரும்பத் திரும்ப வரும். இடைவேளையில் கன்ரீன் வரிசை, ரியூஷன் விட்டு வரும் வழி, கிரிக்கெட்டில் அவுட் ஆகும் நேரம் என்று.

அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நல்ல பிள்ளையாக இரு" என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் கையையும் காலையும் என்ன செய்வதென்று விளங்காது. "அவுட் என்றால் மட்டையைக் கீழே வை, பத்து வரை எண்ணு, கோட்டுக்கு வெளியே போய் நில்" என்றால் விளங்கும்.

இனி ஒத்திகை. ஆர்னல்ட் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் வகுத்த முறை இன்றும் பயன்படுகிறது: செய்து காட்டுவது, நடிக்க வைப்பது, எது சரியாக வந்தது என்று சொல்வது, உண்மையான இடத்துக்குக் கொண்டுபோவது. சண்டை நடந்த மாலையில் இதைத் தொடங்காதீர்கள். பிள்ளை சாப்பிட்டு, அமைதியாக இருக்கும்போது பத்து நிமிடம் போதும். முதலில் அப்பா அவுட் ஆகிக் காட்டட்டும். கோபம் வருவதையும் அதை அடக்குவதையும் வாய்விட்டுச் சொல்லட்டும். பிறகு மகன் செய்யட்டும். கடைசியில் பாத்திரத்தை மாற்றுங்கள்: அவன் பந்து போடுபவன், நீங்கள் கத்துகிறவர். மற்றவன் பக்கம் நின்று பார்க்கும் வாய்ப்பு பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் கிடைக்கிறது. சின்னப் பிள்ளை என்றால் ஆமையைச் சொல்லிக் கொடுங்கள்: கோபம் வந்தால் கைகளைக் கட்டிக்கொண்டு ஓட்டுக்குள் போ, மூன்று மூச்சு விடு, பிறகு தலையை நீட்டு.

கொழும்புப் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் அவசியம். அடிக்கடி சண்டைக்குப் போகும் சிறுவர்கள், தற்செயலா இல்லையா என்று தெளிவில்லாததையும் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று உளவியலாளர் கென்னத் டொட்ஜ் 1980இல் காட்டினார். பொரளையில் தமிழ்ப் பிள்ளையைச் சுற்றிச் சிங்களம் பேசுவோரே அதிகம். விளங்காத மொழியில் நால்வர் சிரித்தால், தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பது அவனுக்கு இன்னும் எளிது. அதனால் வீட்டில் ஒரு விளையாட்டு வையுங்கள்: "பஸ்ஸில் ஒருவன் உன் காலை மிதித்துவிட்டான். ஏன்? மூன்று காரணம் சொல்லு." ஒன்றாவது கெட்ட எண்ணம் இல்லாத காரணமாக இருக்க வேண்டும். கூடவே விளையாட்டில் சேரும் வாசகத்தை இரண்டு மொழியிலும் பழக்குங்கள். "நானும் வரட்டா?" என்பதோடு "மாத் செல்லம் கரன்னத?" என்பதும் அவன் நாவில் வர வேண்டும். கேட்கத் தெரியாதவன்தான் பல நேரம் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான்.

வீட்டில் படிந்ததை மெதுவாக வெளியே கொண்டுபோங்கள். முதலில் பொறுமையான ஒரு மச்சானோடு அரை மணி நேரம். பிறகு கெம்பல் மைதானத்தில் இரண்டு மூன்று பேரோடு. களைத்துச் சிணுங்கத் தொடங்குமுன்பே வீட்டுக்கு அழைத்து வாருங்கள். சரியாகச் செய்த அதே நிமிடத்தில், "மட்டையைக் கீழே வச்சிட்டுப் போனியே மகன், நான் பாத்தனான்" என்று நடந்ததையே சொல்லிப் பாராட்டுங்கள். வகுப்பாசிரியரிடமும் எந்தப் பழக்கத்தைப் பயிற்றுகிறீர்கள் என்று சொல்லி, அதைக் கண்டால் ஒரு வார்த்தை சொல்லும்படி கேளுங்கள். ஆசிரியரின் உதவி இல்லாமல் இந்தப் பழக்கம் வீட்டு வாசலைத் தாண்டுவது கடினம்.

குழப்படி செய்யும் பிள்ளைகளை மட்டும் ஒன்றுசேர்த்து நடத்தும் குழுக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்படிச் சேர்க்கும்போது ஒருவரை ஒருவர் உற்சாகப்படுத்தி நிலைமை மோசமாகலாம் என்று உளவியலாளர் டிஷியனும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 1999இல் எச்சரித்தார்கள். அமைதியான பிள்ளைகளும் கலந்த குழுவைத் தேடுங்கள்.

இடையில் பழைய சண்டை ஒருநாள் திரும்பும். அன்று ஒத்திகையை இன்னும் சின்னதாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் தன்னையோ பிராணிகளையோ காயப்படுத்தினால், நெருப்போடு விளையாடினால், அல்லது மாதக்கணக்கில் எந்த மாற்றமும் இல்லை என்றால் வீட்டுப் பயிற்சி போதாது. மருத்துவரிடம் காட்ட வேண்டும். பிள்ளைக்கு யாராவது கொடுமை செய்வதாகத் தெரிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

வைத்தியசாலைக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் பாடசாலை அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். உங்களுக்குச் சிங்களம் வராது என்றால், தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள். தன் குற்றங்களைத் தானே மருத்துவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக்கூடாது.