எக்ஸெல்லில் போடலாம் கேபிள் பில்!

"எக்ஸெல் எனக்கு எதற்கு? நான் என்ன கம்பெனியா நடத்துகிறேன்?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் கேட்பது இது. வீட்டு கேபிள் பில் ஒன்று போதும், எக்ஸெல் பழகிவிடலாம்.

2023-ல் ஊருக்குப் போயிருந்தபோது வீட்டில் பத்து நாட்களாக டிவி ஓடவில்லை. ரிப்பேர் என்று நினைத்தேன். "மாசம் 275 ரூபாய் எதுக்குடா, பார்க்கிறது நாலு சேனல்" என்றார் அம்மா. கேபிள்காரரோ, "பேக்காத்தான் தம்பி எடுக்கணும், தனித்தனியா கிடையாது" என்றார். அது விதிக்கு மாறானது.

கேபிள் டிவிக்கான மத்திய அரசின் சட்டம் 1995-ல் வந்தது. 2003 செப்டம்பர் 1 முதல் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2004-ல் இந்தத் துறை டிராய் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு கட்டணச் சேனலுக்கும் தனி விலை உண்டு. தனியாகக் கேட்டால் தந்தாக வேண்டும். ஆனால் தொகுப்பைப் பாதி விலைக்கும் கீழே விற்றால் தனியாக யார் வாங்குவார்கள்? அதனால் 2022 நவம்பர் திருத்தத்தில், தொகுப்புக்கான தள்ளுபடி 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, 19 ரூபாய்க்கு மேல் விலையுள்ள சேனலைத் தொகுப்பில் சேர்க்கக்கூடாது என்றார்கள்.

இனி கணக்கு. எக்ஸெல்லைத் திறந்து முதல் காலத்தில் வரிசையாக நெட்வொர்க் கட்டணம், பேக் 1, பேக் 2, பேக் 3 என்று டைப் செய்யுங்கள். அடுத்த காலத்தில் தொகைகள். எங்கள் வீட்டில் 130, 43, 35, 25. அதற்குக் கீழே உள்ள காலிக் கட்டத்தில் கர்சரை வைத்து, ஹோம் டேபில் உள்ள ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டுங்கள். 233 வரும். அடுத்த கட்டத்தில் சமக்குறி போட்டு, 233 உள்ள கட்டத்தை மவுஸால் க்ளிக் செய்து, *1.18 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டியுடன் 274.94.

மூன்றாவது காலம்தான் முக்கியம். பேக் 1-ல் அம்மா பார்க்கும் மூன்று சேனல்களின் தனி விலை 19, 17, 10. கூட்டினால் 46. பேக்கே 43 என்பதால் அதை விடவில்லை. (பேக் என்றாலே நஷ்டம் என்று நினைக்காதீர்கள்.) பேக் 2-ல் பார்ப்பது ஒரே சேனல், 12 ரூபாய். பேக் 3-ல் எதுவுமே இல்லை. ஆக 130, 43, 12, 0. இதற்கு மறுபடி ஃபார்முலா எழுத வேண்டாம். முன்பு போட்ட மொத்தம், வரி இரண்டு கட்டங்களையும் செலக்ட் செய்து, வலது கீழ் மூலையில் தெரியும் சின்ன சதுரத்தைப் பிடித்து வலப்பக்கம் ஒரு கட்டம் இழுங்கள். 185, 218.30 என்று தானாக வந்துவிடும். வருடத்துக்கு 680 ரூபாய் மிச்சம்.

பிரின்ட் எடுத்துக் காட்டியதும் கேபிள்காரர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அன்று இரவே சீரியல் ஓடியது.

ஒரு எச்சரிக்கை. நெட்வொர்க் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பை டிராய் 2024 ஜூலையில் நீக்கிவிட்டது. எனவே 130 என்று கண்ணை மூடிக்கொண்டு போடாமல், உங்கள் பில்லில் உள்ள தொகையைப் போடுங்கள். சேனல் விலைகளும் மாறும் என்பதால் ஃபைலை சேவ் செய்து வையுங்கள்.