படத்தில் பட்டை விழுகிறதா? கிராபிக்ஸ் கார்டையும் பாருங்கள்

வீராணம் ஏரிக்கரையில் அந்தி நேரத்தில் எடுத்த கல்யாணப் படம். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மையின் வழவழப்பான மேல்பூச்சு. இரண்டிலும் நிறம் மெல்ல மெல்ல மாற வேண்டும். சேத்தியாத்தோப்பு வட்டாரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களும் பீங்கான் பொருளைப் படமெடுத்து விற்பவர்களும் அந்த இடத்தில் படிப்படியாகப் பட்டை விழுவதைக் கண்டால், உடனே படத்தைத் திருத்த உட்காரக் கூடாது. குறை படத்தில் இல்லாமல் திரையில் மட்டும் இருக்கலாம்.

1. படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பாருங்கள். சுருக்கிப் பார்க்கும்போது மென்பொருள் காட்டுவது அவசரமாகத் தயாரித்த மாதிரிதான். பட்டை மறைந்துவிட்டால் வேலை முடிந்தது.

2. மறையாவிட்டால் கிராபிக்ஸ் கார்டின் உதவியை நிறுத்துங்கள். போட்டோஷாப்பில் எடிட், பிரிஃபரன்சஸ், பெர்ஃபார்மன்ஸ் என்று போய் 'யூஸ் கிராபிக்ஸ் பிராசசர்' டிக்கை எடுத்துவிட்டு, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். லைட்ரூம் கிளாசிக்கிலும் பெர்ஃபார்மன்ஸ் பகுதியிலேயே 'ஆஃப்' இருக்கிறது. இப்போது பட்டை போய்விட்டதா? உங்கள் படம் நன்றாக இருக்கிறது. படத்தின் நிறத்தை மானிட்டருக்கு ஏற்ப மாற்றும் கணக்கைக் கணினியின் பிராசசர் ஒரு வழியிலும் கார்டு வேறு வழியிலும் போடுகின்றன. நிறத்தை 256 படிகளுக்குள் அடக்கும்போது கண்ணுக்குத் தெரியாத அளவில் புள்ளிகளைச் சிதறவிட்டால் படிகள் தெரியாது. அந்தச் சிதறல் இல்லாத இடத்தில் பட்டை எழுந்து நிற்கும்.

3. காரணம் தெரிந்ததும் கார்டை நிரந்தரமாக அணைத்து வைக்காதீர்கள். வேலை மந்தமாகும், போட்டோஷாப்பில் 'ரொட்டேட் வியூ' போன்ற சில வசதிகளும் கிடைக்காது. கார்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே புதிய டிரைவரை இறக்குங்கள். என்விடியா கார்டு என்றால் விளையாட்டுக்கான டிரைவரை விட 'ஸ்டுடியோ' டிரைவர் இந்த வேலைக்குப் பொருத்தம். பிறகு கார்டை மறுபடி இயக்கி, அதே படத்தைத் திறந்து பாருங்கள்.

4. எச்டிஎம்ஐ கேபிளில் மானிட்டரை இணைத்திருந்தால், கார்டின் கண்ட்ரோல் பேனலில் 'டைனமிக் ரேஞ்ச்' எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 'லிமிடெட்' என்றால் 16 முதல் 235 வரை, 220 படிகள்தான் திரைக்குப் போகும். மானிட்டர் ஏற்குமானால் 'ஃபுல்' வையுங்கள்.

5. விலை குறைந்த லேப்டாப் திரைகள் பலவும் 6 பிட். ஒரு நிறத்துக்கு 64 படிகள்தான். எந்த செட்டிங்கை மாற்றினாலும் அதில் முழுப் பலன் வராது. நல்ல போனிலோ வேறு மானிட்டரிலோ ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6. எல்லாத் திரையிலும் பட்டை தெரிந்தால் குறை படத்தில்தான். பெரும்பாலும் ஜேபெக்கை அதிகமாக இழுத்துத் திருத்தியதே காரணம். ஜேபெக் 8 பிட், 256 படி. பல கேமராக்களில் ரா முறையில் எடுத்தால் 14 பிட், 16,384 படி. அந்தி வானம், பீங்கான் போன்றவற்றை ராவில் எடுத்து, 16 பிட்டில் திருத்தி, கடைசியாக ஜேபெக் ஆக்குங்கள்.

7. ராவும் இல்லை, ஆல்பம் நாளைக்கே வேண்டும் என்றால், வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து 'ஆட் நாய்ஸ்' ஒரு சதவீதம் கொடுங்கள். பீங்கானில் இதை மிகக் கொஞ்சமாகவே செய்ய வேண்டும். கூடினால் பளபளப்பு போய்ப் பரப்பு சொரசொரப்பாகத் தெரியும். வாங்குபவர் சூளையில் வந்த குறை என்றே நினைப்பார். நல்ல கைவேலைக்கு அந்தக் கெட்ட பெயர் வரவே கூடாது.

8. வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கும்போதே புதிதாகப் பட்டை விழலாம்.

9. ஆல்பத்தை அச்சுக்கு அனுப்பும் முன், சந்தேகமான ஒரு பக்கத்தை மட்டும் சிறிய அளவில் பிரிண்ட் எடுத்துப் பாருங்கள். தாளில் பட்டை இல்லையென்றால் படத்தில் கை வைக்க வேண்டாம்.