தகட்டில் சாம்பல் நிறம் கிடையாது

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய செப்பு டாலர் வந்து சேர்ந்தது. ஓரம் முழுக்க அரம் போட்டு வழவழவென்று ஆக்கியிருக்கிறாய். வளையம் பற்றவைத்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை. கை நன்றாகப் பழகிவிட்டது, சந்தோஷம். ஆனால் அதில் இருக்கும் பாட்டியின் நரைக்காத தலைமுடி பளபளக்கிறது, முகம் கரேலென்று கிடக்கிறது, கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் திட்டு. டோனர் ஒட்டவில்லையா, கரைசல் அதிகமாகத் தின்றுவிட்டதா, இஸ்திரிப் பெட்டிச் சூடு போதவில்லையா என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் இல்லை. நீ தகட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே, படத்திலேயே தவறிவிட்டது.

லேசர் அச்சில் வரும் டோனர் என்பது பிளாஸ்டிக் தூள். இஸ்திரிச் சூட்டில் அது காகிதத்திலிருந்து தகட்டுக்கு மாறும். அது ஒட்டிய இடத்தை ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் தொடாது. ஒட்டாத இடத்தைத் தின்று பள்ளமாக்கும். பிறகு நீ தகட்டைக் கறுக்கவைத்துத் தேய்க்கும்போது மேடு மின்னும், பள்ளத்தில் கறுப்பு தங்கும். ஆக, படத்தில் எது கறுப்போ அங்கே டோனர் இருக்கக்கூடாது. நெகட்டிவாக மாற்றித்தான் அச்செடுக்க வேண்டும். நீ படத்தை அப்படியே அச்செடுத்திருக்கிறாய். அதனால்தான் கூந்தல் மேடாகி மின்னுகிறது.

இன்னொன்று. நீ சேர்த்து அனுப்பிய பழைய படத்தில் மூக்குத்தி வலப்பக்கம், டாலரில் இடப்பக்கம். காகிதத்தைக் கவிழ்த்து ஒட்டுவதால் இடவலம் மாறும். கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்செடுத்தால் சரியாகிவிடும். இவ்வளவு சின்ன டாலரில் யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதே. பெற்ற பிள்ளைகள் முதல் பார்வையிலேயே கண்டுபிடிப்பார்கள்.

இவை இரண்டும் கணினியில் இரண்டு சொடுக்கில் தீரும் விஷயங்கள். கண் திட்டாகிப்போனதுதான் உண்மையான சிக்கல். புகைப்படத்தில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனையோ சாம்பல் நிறங்கள் உண்டு. தகட்டுக்குத் தெரிந்தது மேடும் பள்ளமும் மட்டுமே. அரை மேடு என்று ஒன்று கிடையாது. கன்னத்துச் சாம்பல், பின்திரைச் சாம்பல், புடவை நிழல் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். எந்தப் பக்கம் என்பதை நீ முடிவு செய்யாவிட்டால் மென்பொருள் முடிவு செய்துவிடும். அதற்குப் பாட்டியைத் தெரியாது.

புகைப்படக் கலையின் பிறப்பிலேயே இந்தச் சிக்கல் இருந்தது. பிரான்சில் நியெப்ஸ் 1826இல் ஒரு மதகுருவின் உருவப்படத்தை வெள்ளீயக் கலவைத் தகட்டில் ஏற்றினார். தகட்டில் ஒருவகை நிலக்கீலைப் பூசி, மேலே படத்தை வைத்து வெயிலில் காட்டினார். வெளிச்சம் பட்ட நிலக்கீல் இறுகியது. இறுகாததைக் கழுவிவிட்டு, வெறுமையான உலோகத்தை அமிலத்தால் அரித்தார். படம் நன்றாக வந்தது. ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்டது செதுக்கோவியம். அதில் கோடுகள்தான், சாம்பலே இல்லை. இங்கிலாந்தில் டால்பட் 1852இல் காப்புரிமை பெற்ற முறையில், மெல்லிய வலைத்துணியை இடையில் வைத்து நிழல்களைப் பொடிப்பொடியாக உடைத்தார். நாளிதழில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும் புள்ளிகளுக்கு முன்னோடி அந்தத் துணிதான். 1858இல் அவரும் அரிப்பதற்கு ஃபெர்ரிக் குளோரைடுக்கு வந்துசேர்ந்தார். இன்று சென்னை ரிச்சி தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் பிள்ளைகள் சர்க்யூட் பலகைக்கு வாங்கிப்போகும் அதே சரக்கு.

உனக்கும் அந்த இரண்டு வழிகள்தான். நிழலைப் புள்ளிகளாக உடைக்கலாம், அல்லது கோடாக்கலாம். புள்ளி என்றால் பெரிதாக வை. கரைசல் கீழே மட்டும் தின்பதில்லை, டோனருக்கு அடியில் பக்கவாட்டிலும் நுழையும். திரையில் அழகாகத் தெரியும் நுண்புள்ளிகள் முதலில் கரைந்துபோகும். கட்டைவிரல் அகலமுள்ள டாலரில் முழு உருவம் வேண்டாம், முகம் போதும். அந்த அளவுக்கு நான் கோட்டைத்தான் விரும்புவேன்.

பின்திரையை முழுக்க நீக்கிவிடு. படத்தைப் பெரிதாக்கி, முகத்தில் எதை எடுத்தால் அவர் வேறொருவராகிவிடுவார் என்று பார். இந்தப் பாட்டிக்கு அது இடது புருவத்தின் வளைவும், வாயோரத்து மடிப்பும், நடுவகிடும். பொட்டு வட்டமாக இல்லை, சற்றே நீண்டிருக்கிறது, அதையும் விடாதே. கழுத்துச் சுருக்கம் போனால் போகட்டும். பழைய ஸ்டுடியோக்காரர்கள் நெகட்டிவிலேயே பென்சில் பிடித்துத் திருத்தியவர்கள். நீயும் தயங்காமல் கோட்டைத் தடிப்பாக்கு, நிழலை வெட்டு. ஆனால் மூக்கைக் கூராக்காதே, வயதைக் குறைக்காதே. டாலர் செய்யச் சொன்ன வீட்டுக்காரர்கள் உன்னிடம் கேட்டது அழகான பாட்டியை அல்ல, தங்கள் பாட்டியை. மூலப்படத்தை ஸ்கேன் செய்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடு, பட்டறைக்குள் கொண்டுவராதே. அவர்களிடம் அது ஒன்றுதான் இருக்கும்.

மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும். தகட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தண்ணீர் ஊற்று. தண்ணீர் முத்துமுத்தாகத் திரண்டால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது, படலமாகப் பரவினால் தயார். இங்க்ஜெட் அச்சு உதவாது, லேசர் அச்சோ ஜெராக்ஸ் கடை நகலோதான் வேண்டும். இஸ்திரி போட்டபின் காகிதத்தைத் தண்ணீரில் ஊறவிட்டு விரலால் உருட்டி எடு, இழுக்காதே. கரைசலில் தகட்டைப் படம் கீழ்நோக்கி இருக்கும்படி தொங்கவிடு. அரிபட்ட கசடு தானாகக் கீழே விழும், கோடு சுத்தமாக நிற்கும். பாத்திரம் பிளாஸ்டிக்காகவோ கண்ணாடியாகவோ இருக்கட்டும், எவர்சில்வரைத் தின்றுவிடும். அலுமினியத்தை அதில் போடவே போடாதே, கொதித்துப் பொங்கும். வெள்ளிக்கும் இது ஆகாது. மேலே வெள்ளிக் குளோரைடு படிந்து வேலை நின்றுவிடும். வெள்ளிக்கு ஃபெர்ரிக் நைட்ரேட் வேண்டும். கறுக்கவைக்கக் கடைச்சரக்கு கிடைக்காவிட்டால், அவித்த முட்டையை உடைத்து, டாலரோடு மூடிய டப்பாவில் வைத்துப் பார். முட்டையிலிருந்து வரும் கந்தக ஆவி செம்பைக் கறுக்கச் செய்யும்.

படத்தைக் காகிதத்தில் எடுத்து மேலே ரெசின் ஊற்றினால் அரை நாளில் முடியும், விலையும் அதிகம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். செய்யலாம், தவறில்லை. ஆனால் வாங்குபவரிடம் அதைச் சொல்லித்தான் விற்கவேண்டும். வெயிலில் மை வெளுக்கும், ரெசின் மஞ்சளாகும். அரித்த படத்தில் வெளுப்பதற்கு மையே இல்லை. கறுப்பு தேய்ந்தாலும் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். செம்பு வியர்வைக்குப் பச்சை பிடிக்கும் என்பதையும் கூடவே சொல்லிவிடு. இறந்தவர் முகத்தை நெஞ்சில் அணியப்போகிறவருக்கு இதெல்லாம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பழைய கரைசலைக் கொல்லையில் ஊற்றுவதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எனக்கு மனது பதறியது. அதில் கரைந்திருப்பது செம்பு. மீனுக்கும் மண்ணுக்கும் அது நஞ்சு, உங்கள் வீட்டுக் கிணறு அங்கேதானே இருக்கிறது? வாஷிங் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடு. நுரைத்து அடங்கியதும் கசடு அடியில் தங்கும். கசடு, தெளிவு இரண்டையும் தனித்தனி கேனில் அடைத்து, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வசதியுள்ள முலாம் பட்டறையில் கேட்டுக் கொடு. கையுறையும் கண்ணாடியும் போடாமல் இனி அந்தக் கேனைத் திறக்காதே.

பாட்டியின் படத்தைத் திருத்தி, நெகட்டிவாக்காமல், டாலர் அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து அந்த வீட்டில் காட்டு. யார் என்று சொல்லாமல் காட்டு. அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுது. அதன் பிறகு அடுத்த தகட்டை வெட்டலாம்.

அன்புடன்,
அண்ணன்